முடிக்குத் தடவாதீர்கள், தோலுக்குத் தடவுங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி எங்கள் மருந்துக்கடைக்கு வந்தான். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் இருக்கும் தோபி கானா சலவைக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையன். 24 வயது. கையில் தீர்ந்துபோன மினாக்ஸிடில் குப்பி. “அண்ணா, நாலு மாசமா ரெண்டு வேளையும் போடறேன். ஒரு முடிகூட முளைக்கல. டூப்ளிகேட் மருந்தா இது?”

மருந்து நல்ல மருந்துதான். பில்லும் எங்கள் கடை பில்தான். வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்த் தலையைக் குனியச் சொன்னேன். உச்சியில் வகிடு பிரித்ததும் விரல்கள் வழுக்கின. முடிமேல் அங்கங்கே வெள்ளைத் துகள், காய்ந்த உப்பு மாதிரி. அதைப் பொடுகு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

“எண்ணெய் எப்ப வெச்ச?”

“காலைல குளிச்சதும் அம்மா வெச்சு விடுவாங்க.”

“மருந்து?”

“அது மேலயேதான், அண்ணா.”

உலர்ந்தால் மினாக்ஸிடில் வெள்ளையாகப் பூக்கும். காசு கொடுத்து வாங்கிய மருந்து தோலை எட்டாமல் முடியிலேயே காய்ந்து நின்றிருந்தது. முடித்தண்டு உயிரற்றது. நகத்துக்கு மருந்து தடவி விரலை வளர்க்க முடியாததுபோல, முடிக்கு மருந்து தடவி முடியை வளர்க்க முடியாது. மருந்து போய்ச் சேரவேண்டிய இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது. போகிற வழியில் ஒரு சுவர் இருக்கிறது. முடி கொட்டுகிறது என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சுவரைத்தான்.

தாளைவிட மெல்லிய சுவர்

மட்டாஞ்சேரியின் பழைய மிளகு, சுக்குப் பண்டகசாலைச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக வெட்டுக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. நம் மேல்தோலின் ஆக மேலே உள்ள படலமும் அப்படிக் கட்டப்பட்டதுதான். செத்துத் தட்டையாகிப்போன செல்கள் கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தது அந்தச் சாந்து. உடம்பின் பெரும்பாலான இடங்களில் இந்தச் செத்த செல்கள் 15 முதல் 20 வரிசை அடுக்கியிருக்கும். மொத்தக் கனம் 10 முதல் 20 மைக்ரான். நாம் எழுதும் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வருவது அரிது. ஆனாலும் கொச்சி மழையில் நாள் முழுக்க நனைந்தாலும் உள்ளே ஊறிப்போகாமல் இருக்கிறோம் என்றால், அது இந்தப் படலத்தின் வேலை.

மேல்தோலின் அடி வரிசையில் செல்கள் பிறக்கின்றன. மெல்ல மேலே ஏறுகின்றன, ஏறும்போதே தட்டையாகின்றன, உயிரை விடுகின்றன, கடைசியில் உதிர்கின்றன. பிறந்து உதிர ஏறக்குறைய 4 வாரம். பொடுகுத் தலையில் இந்தக் கணக்கு குலைகிறது. செல்கள் அவசர அவசரமாக மேலே வந்து, ஒன்றையொன்று விடாமல் செதிலாகக் கழல்கின்றன. மலையாளத்தில் தாரன் என்பது அதைத்தான்.

முடியின் வேர் என்று நாம் சொல்வதும் இந்த மேல்தோலைச் சேர்ந்ததே. மேல்தோல் கீழ்நோக்கிக் குழிந்து, சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பையாக முடிகிறது. அந்தப் பையின் அடியில்தான் முடி உருவாகிறது. அதனால் தலையில் மருந்துக்கு இரண்டு வழி. ஒன்று, செத்த செல்களுக்கு நடுவே சாந்து வழியாக ஊடுருவுவது. இன்னொன்று, முடி வெளிவரும் துளை வழியாக இறங்குவது. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே மருந்தை உடம்பின் பல இடங்களில் தடவி அளந்து பார்த்தார்கள். முன்கையில் உள்ளே போனதைப்போல மூன்றரை மடங்கு தலைத்தோலில் போயிருந்தது. துளைகள் அங்கே நெருக்கமாக இருப்பது அதற்கு ஒரு காரணம்.

எதையும் தடவினால் உள்ளே போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பொருளின் மூலக்கூறு பெரிதாக இருந்தால் சுவர் விடாது. தோல் மருத்துவத்தில் 500 டால்டன் என்று ஒரு கணக்கு உண்டு. அதைவிட எடை கூடிய மூலக்கூறு நல்ல நிலையில் உள்ள தோலைக் கடப்பது கடினம். மினாக்ஸிடிலின் எடை 209, கடந்துவிடும். கொலாஜனின் எடையோ 3 லட்சத்தை ஒட்டியது. கொலாஜன் சேர்த்த ஷாம்பு, கெரட்டின் சேர்த்த சீரம் எல்லாம் முடித்தண்டின் மேல் படிந்து பளபளப்பைத் தரும், சிக்கலைக் குறைக்கும். வேருக்குப் போகாது. பளபளப்பு வேண்டுமென்றால் வாங்குங்கள். முடி முளைக்க வேண்டுமென்று அவற்றை வாங்காதீர்கள்.

மருந்து தடவும் முறை

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது. அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி தயாரித்தது. 1979இல் அனுமதி கிடைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988இல் அதற்கும் அங்கே அனுமதி வந்தது. நம் கடைகளில் 2 சதவீதம், 5 சதவீதம் என்று இரண்டு அளவுகளில் கிடைப்பது அதுதான்.

குப்பியில் மருந்து மட்டும் இல்லை. ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைகாலும் சேர்ந்திருக்கும். மருந்தைக் கரைத்துச் சுவரின் சாந்துக்குள் கொண்டுபோகும் வண்டி அவை. அந்த வண்டி காய்ந்த, சுத்தமான தோலில் ஓடும். எண்ணெய்மேல் விட்டால் மருந்து எண்ணெயில் தங்கிவிடும். வியர்வை வழியும் தலையில் விட்டால் நீர்த்து வழிந்துவிடும். நம் ஊரில் இரண்டாவது சங்கடம் பெரிது. பங்குனி, சித்திரையில் குளித்துத் துவட்டி அரைமணி நேரம் ஆனாலும் மண்டை காய்வதில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காயவிட்ட பிறகு தடவுங்கள். தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறவர்கள், ஹெல்மெட்டோடு நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்கள், காலை வேளையை வேலைக்குப் போகிற நேரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். தடவியபின் 4 மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது.

ஒரு வேளைக்கு 1 மில்லி போதும். துளிசொட்டியின் நுனி முடியைத் தொடாமல் வகிட்டுத் தோலைத் தொட வேண்டும். ஒரு விரல்கடை தள்ளி அடுத்த வகிடு, அங்கே சில துளி. இப்படி முடி மெலிந்த இடம் முழுக்கப் போய், விரல் நுனியால் மெல்லப் பரப்பிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகத்தால் தேய்க்காதீர்கள். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு முளைக்கும் என்பதும் இல்லை. தடவுவதில் சராசரியாக 100க்கு 1.4 பங்குதான் ரத்தத்தில் சேருகிறது. அந்தக் குறைவே நமக்குப் பாதுகாப்பு. தோல் புண்ணாகியிருந்தால், வெயிலில் வெந்திருந்தால், சவரக்கத்தி கீறியிருந்தால் அந்தக் கணக்கு ஏறிவிடும். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

தொடங்கிய சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்விலிருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி எழும் காலம் அது. பாதிப் பேர் அங்கேதான் பயந்து குப்பியைத் தூக்கி எறிகிறார்கள். பொறுத்திருங்கள். பலன் தெரிய 4 மாதமாவது ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

தடவிய இடம் அரித்துச் சிவந்து செதில் விட்டால், பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைகால்தான் காரணம். பொடுகு வந்துவிட்டது என்று நினைத்து அதற்குமேல் எலுமிச்சைச் சாறு தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எரிகிற தோலில் அமிலம் ஊற்றுகிற வேலை அது. புரோப்பிலீன் கிளைகால் இல்லாத நுரை வடிவ மினாக்ஸிடில் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு முக்கியமாக. இங்கே மீன் வாசனைக்குப் பூனை வராத வீடு கிடையாது. மினாக்ஸிடில் பூனைக்கு விஷம். சிந்திய துளியை, ஈரத் தலையணையை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. கைக்குழந்தை உள்ள அப்பாக்களும் கவனமாக இருக்க வேண்டும். அப்பா தலையில் தடவிய மருந்து குழந்தையின் மேல் பட்டுப்பட்டு, முதுகிலும் காலிலும் முடி முளைத்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. மருந்து நன்றாகக் காய்ந்த பிறகு படுங்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

வெளிச்செண்ணெய் எங்கே உதவும், எங்கே உதவாது

கேரளத்தில் வெளிச்செண்ணெய் என்னும் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நானும் சொல்லப்போவதில்லை. இந்த மண்ணின் தலைமுடி வைத்தியத்துக்கு எழுத்தில் பதிந்த வரலாறே இருக்கிறது. டச்சுக் கவர்னர் வான் ரீடு கொச்சியில் இருந்தபடி மலபார் செடிகளைத் தொகுத்தபோது, சேர்த்தலை பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் துணை நின்றார்கள். இட்டி அச்சுதனின் சான்றுக் கடிதம் 1675 ஏப்ரல் 20ஆம் தேதியிட்டது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் கய்யோன்னியும் இருக்கிறது. நாம் கரிசலாங்கண்ணி என்கிறோமே, அதுதான். நீலிபிருங்காதி எண்ணெயில் அவுரியோடும் நெல்லிக்காயோடும் சேர்த்துக் காய்ச்சுவதும் இதைத்தான்.

இவ்வளவு பழைய வழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எண்ணெய் எதற்கு உதவுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2003இல் மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் ரேலேயும் மோஹிலேயும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடிமேல் வைத்துச் சோதித்தார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது. தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆய்வுதான் என்றாலும் செய்முறை தெளிவானது, நான் ஏற்கிறேன். ஆக, முடி உடையாமல், வெடிக்காமல் இருக்க வெளிச்செண்ணெய் நல்லது. ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறி உச்சி தெரியும் வழுக்கையை அது நிறுத்தாது. அந்த வழுக்கையின் காரணம் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் வேர்ப்பையைச் சுருக்குவது. வேர்ப்பை மெலிந்த முடியைத்தான் தரும், கடைசியில் பூனைமுடியாகிவிடும். காய்ச்சிய எண்ணெய்களுக்கு மினாக்ஸிடிலுக்கு நடந்த அளவு சோதனை நடக்கவில்லை. வழுக்கையைக் குணமாக்கும், புதிய முடி முளைக்க வைக்கும் என்று மருந்துக்கு உரிமை கோரக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணையே சொல்கிறது. ‘100 சதவீதம் வளரும்’ என்று அட்டையில் அச்சடித்திருந்தால், அந்த எழுத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொடுகு இருக்கும்போது மட்டும் எண்ணெயை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். எல்லாத் தலையிலும் மலாசீசியா என்ற பூஞ்சை குடியிருக்கிறது. அதன் சாப்பாடு கொழுப்பு. தோல் சுரக்கும் எண்ணெயே அதற்குப் போதும். நாமும் தினம் ஊற்றினால் அது பெருகும், தோல் வீங்கும், செதில் அடுக்கும். அந்தச் செதில்மேல் தடவும் மருந்து செதிலோடு உதிர்ந்துவிடும். முதலில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு முறை, 4 வாரம். நுரைத்ததும் கழுவிவிடாமல் 5 நிமிடம் விட வேண்டும். அந்த 5 நிமிடத்தில்தான் மருந்து வேலை செய்கிறது. பொடுகு அடங்கிய பிறகு, வாரம் ஒருமுறை குளிப்பதற்கு முன் எண்ணெய் வைத்து, செம்பருத்தி இலையை அரைத்த தாளியோ மிதமான ஷாம்புவோ போட்டு அலசிவிடுங்கள். குளித்தபின் எண்ணெய் வைக்கும் பழக்கத்தை விடுவது அம்மாக்களுக்கு வருத்தமாக இருக்கும். எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

வெங்காயச் சாறு பற்றியும் கேட்கிறார்கள். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் அதைச் சோதித்தது உண்மை. ஆனால் அது வட்ட வட்டமாகக் கொட்டும் புழுவெட்டுக்கு. வழுக்கைக்கு இல்லை. மெல்லிய தோல்காரர்களுக்கு அந்தச் சாறு தோலைத் தீய்ந்த காயம்போல் ஆக்கிவிடும்.

சுவரை உடைப்பவர்கள்

சுவர்தானே தடை, துளைத்துவிட்டால் என்ன என்ற யோசனையிலிருந்து வந்தது ஊசி உருளை. மும்பையில் மருத்துவர் ரச்சிதா துரத்தும் குழுவினரும் 100 ஆண்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு பாதிக்கு மினாக்ஸிடில் மட்டும். மறுபாதிக்கு அதோடு வாரம் ஒருமுறை ஒன்றரை மில்லிமீட்டர் ஊசி உருளை. 12 வாரம் கழித்து எண்ணியபோது முதல் குழுவில் சராசரியாக 22 முடி கூடியிருந்தது, இரண்டாவதில் 91. புண் ஆறும்போது தோல் வெளியிடும் வளர்ச்சிப் பொருள்களும் இதற்குக் காரணம் என்கிறார்கள்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு உருளையை ஆன்லைனில் வாங்கி, அண்ணன் தம்பி இருவரும் ஒன்றையே உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மும்பை ஆய்வில் உருட்டிய நாளில் மினாக்ஸிடில் தடவவில்லை. 24 மணி நேரம் கழித்தே தொடர்ந்தார்கள். ஊசி பட்ட தோலில் சுவர் இல்லை. அப்போது தடவுவது நேரே உள்ளே போகும். அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி மஞ்சள்காமாலைக் கிருமியையும் கொண்டுவரும். ஈரக்காற்று நிறைந்த ஊரில், வியர்க்கும் தலையில், சீழ் பிடிக்க ஒரு நாள் போதும். இது மருத்துவர் கையால் செய்ய வேண்டியது. சலூனில், பியூட்டி பார்லரில் செய்துகொள்ளாதீர்கள். முடி நடுதலும் அப்படித்தான். பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. கத்தியைப் பிடிப்பது யார் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

சுவர் தடுக்காத பொருளும் உண்டு. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்த பாதரசம் தோல் வழியாகச் சிறுநீரகம் வரை போயிருந்தது. அது முகத்துக்குப் பூசியது, தலைக்கு இல்லை. ஆனால் தலைத்தோல் முன்கையைவிட மூன்றரை மடங்கு உள்ளே விடுகிறது என்று மேலே படித்தீர்கள். லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத குப்பியைத் தலையில் கவிழ்க்காதீர்கள். அரிப்புக்கு யாரோ தந்த ஸ்டீராய்டு லோஷனை மாதக்கணக்கில் போடுவதும் ஆபத்து. அது தோலையே மெலியச் செய்துவிடும்.

மருந்தே வேண்டாத முடி கொட்டல்

ஆனி, ஆடி மழையில் கொச்சியில் டெங்கு வரும். புரட்டாசி, ஐப்பசியில் சீப்பு நிறைய முடி வரும். காய்ச்சல், டைபாய்டு, பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது வழக்கம். ஒரே சமயத்தில் நிறைய வேர்கள் ஓய்வுக்குப் போய்விட்டதன் விளைவு அது. தோலும் வேரும் நன்றாகவே இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு, இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்றுவிடும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் தண்ணீரைக் குறை சொல்வார்கள். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையில் கடின நீரில் முடியை ஒரு மாதம் நனைத்துச் சோதித்தபோது, முடியின் வலுவில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீரைச் சபிப்பதைவிட, வீட்டு ஆண்களுக்கு எந்த வயதில் வழுக்கை வந்தது என்று யோசிப்பது பயன் தரும்.

தாமதிக்கக் கூடாத ஒன்று உண்டு. முடி போன இடத்தில் துளைகளே தெரியாமல், தோல் பாத்திரம்போல் வழுவழுப்பாக மின்னினால், எரிச்சலோ வலியோ இருந்தால், அங்கே வேர்ப்பை தழும்பாகிக்கொண்டிருக்கிறது. தழும்பான இடத்தில் எந்த மருந்தும் முடியை முளைக்க வைக்காது. அடுத்த வேலைநாளிலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படாதவர்களுக்கு எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து படகிலேயே அக்கரை போய்விடலாம்.

தோபி கானா தம்பி எண்ணெயை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினான். தலையை ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிட்டு, மருந்தைத் திரும்பத் தொடங்கினான். மாதம் முதல் தேதி, அதே ஜன்னல், அதே வகிடு என்று அவன் அம்மா போனில் படம் எடுத்து வைக்கிறார். நீங்களும் அப்படி எடுத்து வையுங்கள். நாலு படத்தை அடுத்தடுத்து வைத்தால் கண்ணாடி காட்டாததைக் காட்டும். மருத்துவரிடம் போகிற நாளில் அந்தப் படங்களைக் கொண்டுபோங்கள். முந்தின நாளே தலையை அலசிவிடுங்கள். எண்ணெய், ஹேர் டை, ஜெல் எதுவும் வேண்டாம். அவர் பார்க்க வேண்டியது உங்கள் தோலை.